பாக்கி முந்நூறு கிலோமீட்டர்

தெருமுனை டெய்லர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். நான்காவது காலை மனைவி தொட்டுக் காட்டினாலும் அது வால் என்று சாதிப்பார்.

இருவருக்கும் சைக்கிள் பைத்தியம். கடை திறக்கும் முன், வளைந்து வளைந்து மலையேறும் மரநிழல் சாலையில் சேர்ந்து போவார்கள். மகள் முதல் சம்பளத்தில் ஆளுக்கொரு ஜிபிஎஸ் மீட்டர் வாங்கிக் கொடுத்தாள். மருந்துக்கடையில் வேலை பார்த்த மனைவி, தன் சக்கரத்தில் ஒரு சென்சாரையும் சேர்த்து மாட்டிக்கொண்டாள். சக்கரம் எத்தனை சுற்று போகிறது என்று அது எண்ணும். ஒரு சுற்றின் நீளத்தைச் சொல்லிவிட்டால் மீட்டர் பெருக்கிக்கொள்ளும். அளந்து தரச் சொன்னாள். டெய்லர் டேப்பைத் தரவே மறுத்துவிட்டார். மகளைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி, ஏறி உட்கார்ந்து, தையல் நூலால் தானே அளந்துகொண்டாள்.

"மேல இருந்து பாக்கிற சேட்டிலைட்டுக்குத் தெரியாதது உன் சக்கரத்துக்குத் தெரிஞ்சிடுமா?" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து ஒரே சாலையில் பக்கத்துப் பக்கத்தில் போய், இரண்டு தூரத்தோடு வீடு திரும்பினார்கள். அவளுடையது எப்போதும் ஒரு பிடி கூட. நாற்பதாயிரம் கிலோமீட்டர் போனால் பூமியை ஒரு சுற்று சுற்றிய கணக்கு. அதை முடித்தே தீருவது என்று இருவருக்கும் ஒரு வீம்பு. வருஷங்கள் ஓடின. ஒருநாள் காலை, மேட்டு வளைவில் அவள் பிரேக் பிடித்து நின்றாள்.

"முடிஞ்சுதுங்க! உலகத்தைச் சுத்திட்டோம்!" என்று கையை நீட்டினாள்.

"உனக்கு முடிஞ்சுது. எனக்கு இன்னும் முந்நூறு பாக்கி. என்னுதும் முடியட்டும், கை குடுக்கறேன்."

மனுஷன் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள். அந்த வாரமே மருந்துக்கடையில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பிறகு எழவில்லை.

டெய்லர் அழவில்லை. துக்கம் என்று ஒன்று வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. உடம்பும் மனசும் மரத்துப்போயிருந்தன. தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டார்; உப்பில்லை என்று மகள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஊசி விரலில் ஏறியதையும் துணியில் ரத்தத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். காலையில் மட்டும் தவறாமல் சைக்கிளை எடுத்து, பாக்கித் தூரத்தைத் தனியாகக் கழித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டால் அவளோடு கணக்கு நேராகிவிடும் என்று ஒரு நினைப்பு.

பாக்கி கொஞ்சமே இருந்தபோது மகள் கேட்டாள்.

"அப்பா, அம்மா சைக்கிளை என் ஆபீஸ்ல ஒரு அக்கா கேக்கறாங்க. குடுத்திடலாமா?"

"குடு. அதுக்கு முன்னால ஒருதடவை சக்கரத்தை அளந்துடறேன்."

அவள் சைக்கிளைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள்.

காற்றடித்தார். டயரிலும் கடைத் தரையிலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும், சுற்று குறையும். வெறுமனே உருட்டினால் ஆகாது. அவர் தொப்பைக்கு அது வேறு கணக்கு. மகளைப் பார்த்தார். அம்மாவின் சட்டை அளவுதான் இவளுக்கும். இருவருக்கும் தைத்தவருக்குத் தெரியாதா?

"கொஞ்சம் ஏறி உக்காரும்மா."

ஒரு சுற்று தள்ளினார். அவருடைய டேப்புக்கு அடங்காத நீளம். நடுவில் ஒரு கோடு போட்டு, விட்ட இடத்திலிருந்து அளந்தார். மனைவியின் மீட்டரைத் திறந்து, அதில் அவள் போட்டிருந்த நீளத்தைப் பார்த்தார். மறுபடி தள்ளினார், மறுபடி அளந்தார். ஒரு நூல் வித்தியாசமில்லை.

"உங்கம்மா போட்டதுதான் சரி."

ஜிபிஎஸ் அங்கங்கே புள்ளி வைத்து நேர்க்கோட்டில் சேர்க்கும். வளைவில் தூரத்தைத் தின்றுவிடும். சட்டையில் கை சேரும் கைக்குழியை வளைவோடு அளக்காமல் நேராக அளந்தால் துணி பத்தாது என்று கடையில் எத்தனை பேரைத் திட்டியிருப்பார்! ஊருக்குத்தான் உபதேசம்.

"அப்ப அம்மா அன்னிக்கே முடிச்சிட்டாங்களாப்பா?"

"முடிச்சிட்டா."

"ஒண்ணாத்தானே போனீங்க? அப்ப நீங்களும் அன்னிக்கே முடிச்சிட்டீங்க."

டெய்லர் தரையில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பாக்கி என்று ஒன்று இருக்கவே இல்லை.

இறங்குவதற்காக மகள் கையை நீட்டினாள். சாக்குக்கட்டிக் கையால் அதைப் பிடித்துக் குலுக்கினார்.

"இறங்கணும்ப்பா. கையை விடுங்க."

அவர் விடவில்லை.