நிழலில் இருந்த தோட்டாக்கள்

ராஜாமணி அண்ணாச்சி இறந்த செய்தி எனக்குக் கயத்தாறு பேருந்து நிறுத்தத்தில் வந்தது. அவர் மனைவிதான் போனில் பேசினார். "அவிய காலையில போய்ட்டாவ தம்பி. உங்களுக்கு மறக்காமச் சொல்லணும்னு முன்னாடியே சொல்லிருந்தாவ." கோவில்பட்டிப் பேருந்து வந்து நின்றும் எனக்கு ஏறத் தோன்றவில்லை. நடத்துநர்தான் தோளைத் தொட்டு ஏற்றிவிட்டார்.

வடக்கே அரசுத் தோட்டாத் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதிக்காக எழுதுகிறேன்.

அவர் அங்கே பொறியாளர். நான் அப்போது காவல் துறையில் குறிபார்த்துச் சுடுகிறவன். ராணுவத்திலும் காவல் துறையிலும் என்னைப் போன்றவர்களுக்காக வெகுதூரம் போகும் தோட்டா ஒன்றை அவர் பல ஆண்டுகளாக உருவாக்கிக்கொண்டிருந்தார். சாதாரணத் தோட்டா, தொலைவு கூடக் கூட ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போகும். அதை நம்பி யார் உயிரையும் பணயம் வைக்க முடியாது. "ஒரு குண்டு சரியாப் போறது அதிர்ஷ்டம்லே. அடுத்ததும் அங்கனயே போனாத்தான் அது என் வேலை" என்பார்.

அந்தத் தோட்டாவைக் கோடையில் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, நம் கரிசல் காட்டுப் பயிற்சித் திடலையே அவர் கேட்டு வாங்கினார். சுடுவதற்கு என்னை அனுப்பினார்கள். என் ஊர் எப்போதும்வென்றான், வீட்டில் ஆடு மேய்ப்பு என்று தெரிந்ததும் அவர் கேலியை ஆரம்பித்துவிட்டார். "அப்ப அம்புட்டுத் தூரத்துல நிக்கது செம்மறியா வெள்ளாடான்னு சொல்லிருவியே. வா, நீதான் ஆளு."

அன்று நான் சுட்ட குண்டுகள் எல்லாம் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் விழுந்தன என்றே சொல்லலாம். வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரிகள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தோட்டா தேறிவிட்டது, ஒப்புதல் நிச்சயம் என்றார்கள். அண்ணாச்சி மட்டும் திடல் ஓரத்தில் நின்ற உடைமரத்தடியையே பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டாப் பெட்டிகள் அங்கே இருந்தன. காலையில் வண்டியிலிருந்து இறக்கிய உடனே அவரே அவற்றை நிழலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்.

அவர் அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டி செய்யும் தொழிற்சாலை, வைத்திருந்தவர். அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் தீக்குச்சி மருந்துப் பெட்டியை வெயிலில் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்கள். யோசிக்கும் முன்பே கை அதை நிழலுக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் அன்றைய சோதனையே வெயிலுக்காக வைத்தது. சூடேறினால் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து வேகமாக எரியும், குண்டு குறிக்கு மேலே போகும். மேலே போகிறதா என்று பார்க்கத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள்.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதிகாரிகளிடம் நேராகப் போய், இந்த முடிவு செல்லாது, பெட்டியை நிழலில் வைத்தது நான்தான் என்றார். அவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டார். மறுநாள் வெயிலில் நின்ற ஜீப்பிலிருந்து எடுத்துச் சுட்டோம். குண்டுகள் மேலே ஏறின. ஒப்புதல் போயிற்று.

அன்று மாலை அவரிடம் போனேன். "ஏன் அண்ணாச்சி சொன்னீங்க?" என்றேன். "போலீஸ்காரன் ஜீப்பு எங்கன நிக்கும், உடைமரத்தடியிலயா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த கோடைகளில் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் அந்தத் தோட்டாவுக்கு ஒப்புதல் வந்தபோது அவரை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பாராட்டு விழாவுக்கும் அவரை அழைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

புதுத் தோட்டா எங்கள் கைக்கு வந்துசேராத ஒரு சித்திரை மாதம், குடும்பத் தகராறில் ஒருவன் தன் அண்ணன் மகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டு நடுவில் கிணற்று மோட்டார் அறையில் உட்கார்ந்துகொண்டான். கையில் நாட்டுத் துப்பாக்கி. சுற்றிலும் வெறும் கரிசல். ஒளிந்து கிட்டே போக ஒரு செடி இல்லை. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஓடைக் கரையில்தான் நான் படுக்க முடிந்தது. அவன் வாசலுக்கு வந்தான். பிள்ளையைத் தோளில் உட்கார வைத்திருந்தான். அவன் நெற்றி எனக்கு நன்றாகத் தெரிந்தது. சுடு என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, தோட்டா காலையிலருந்து ஜீப்புல வெந்து கெடக்கு. குண்டு மேல ஏறும். எவ்வளவு ஏறும்னு என்னால சொல்ல முடியல. மேல பிள்ளை இருக்கு. நான் சுட மாட்டேன்" என்றேன். அவர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. பொழுது சாயும்போது அவனுக்குத் தாகம் தாங்கவில்லை. பிள்ளையின் தாய்மாமன் தண்ணீர்க் குடத்தோடு நடந்து போனார். அவன் பிள்ளையை இறக்கிவிட்டான்.

அன்றே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். "பிள்ளை சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

துப்பாக்கி பிடித்த காலத்தில் நான் சுட்டவை பெரும்பாலும் மறந்துவிட்டன. சுடாத அந்த ஒன்று மறக்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது கடம்பூரில் பள்ளிக்கூடம் போகிறாள். ராஜாமணி என்று ஒருவர் இருந்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.