அங்கம்மா எழுதிக் கேட்டு வாங்கிய கோர்ட் குறிப்பு

பெக்கோக் ஊர் அங்கம்மாவுக்கு ஒரே பிடிவாதம். கொழுந்தன் அர்ச்சுனன் கோர்ட்டில் என்ன சொன்னான் என்பதை முத்திரை குத்திய தாளில் வாங்கி, மகள் ரூபினியின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும்.

விடியுமுன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன புருஷன் லாரி மோதிச் செத்தபோது, பின்னாலேயே தன் வண்டியில் வந்து கண்ணால் பார்த்தவன் அர்ச்சுனன் ஒருத்தன்தான். நஷ்டஈட்டு வழக்கில் அவன் முதல் சாட்சி, அங்கம்மா இரண்டாவது. கூப்பிடும்வரை அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். தீர்ப்பு நாளன்று தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. வழக்கு தோற்றது. "சாட்சிங்க பேச்சு ஒத்துப்போகலம்மா" என்று லோயர் போனை வைத்துவிட்டார்.

அது போதாதா? கொழுந்தன் லாரிக்காரனிடம் விலைபோய்விட்டான் என்று அங்கம்மாவே தீர்ப்பு எழுதிவிட்டாள். திருவிழாவில் ஊரே பார்க்க, கோயில் வாசலில் அவனை நிறுத்தி, "அண்ணன் ரத்தத்த வித்துத் தின்னவன்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம்.

இப்போது ரூபினிக்குக் கல்யாணம். அப்பா இடத்தில் சித்தப்பாதான் நிற்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"நான் சொன்னா நம்பமாட்ட. கோர்ட் சொன்னா நம்புவல்ல?" என்று அங்கம்மா கிளம்பினாள்.

விசாரணைக் குறிப்பு வாங்க விண்ணப்பப் பாரம் எழுத வேண்டும். விசாரணைத் தேதி என்ற இடத்தில் அவள் புருஷன் செத்த தேதியை எழுதினாள். அன்றைக்கு அப்படி வழக்கே நடக்கவில்லை என்று கோர்ட் கவுண்டரில் பாரம் வாங்கும் கிராணி திருப்பித் தந்தார். அவளுக்கு மனப்பாடமாய்த் தெரிந்த தேதி அது ஒன்றுதான். பழைய சம்மனைத் தேடியெடுத்து மறுபடி எழுதிக் கொடுத்தாள்.

குறிப்பு வந்தது. ரூபினி மலாய் மொழியில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்.

"முதல் சாட்சி. 'அண்ணன் வண்டியில லைட்டு நல்லா எரிஞ்சுச்சு. ரோட்டுல வெளிச்சம் விழுந்தத நான் பார்த்தேன்.'"

"பொய்," என்றாள் அங்கம்மா. "அந்த லைட்டு ஒரு மாசமா எரியலயே."

ரூபினி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "இரண்டாம் சாட்சி. 'லைட்டு ஒரு மாசமா எரியல. மாத்துங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். என் பேச்ச அந்த மனுஷன் என்னிக்குக் கேட்டாரு?'"

அங்கம்மாவுக்கு ஞாபகம் வந்தது. லாரிக்காரன் தரப்பு லோயர் எவ்வளவு மரியாதையாகக் கேட்டார்! இருபது வருஷக் குறையை அதுவரை யாரும் அவளை உட்காரவைத்துக் கேட்டதில்லை. கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"நான் சொன்னது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. தீர்ப்பு வாசிச்சப்ப சித்தப்பா உள்ளதான் இருந்தாரு. நீ சொன்னத வச்சுத்தான், அவரு சொன்னத நம்ப முடியாதுன்னு ஜட்ஜே சொல்லியிருக்காரு."

அங்கம்மா தாள்களை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். கோயில் வாசலில் அத்தனை பேர் நின்றார்கள். 'நீங்க சொன்னதாலதான் அண்ணி' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்காமல் போனானே என்று, அதற்கும் அவளுக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது.