கோட்டைமேட்டுக் கிணறு

எங்கள் நிலத்தை ஒட்டிக் கோட்டைமேடு என்று ஓர் இடம் இருந்தது. பெயரில்தான் கோட்டை. பார்ப்பதற்கு வேலிகாத்தான் முள் மண்டிய மண்மேடு. அதைச் சுற்றி மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும் பள்ளம், ஒரு காலத்தில் அகழியாம். கோட்டையைக் கட்டியது யார், அதற்குள் இருந்த ஊரின் பெயர் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அதாவது யாருக்கும் தெரியாது. செஞ்சியைப் பிடிக்கப் போன ஏதோ ஒரு படை, வழியில் இருந்த இதையும் கொளுத்திவிட்டுப் போனதாகப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருமுறை சொன்னார். பையன்கள் அங்கே கிடைத்த உருண்டைக் கற்களை வைத்துக் கோலி ஆடினார்கள். அவற்றை யார் மேல் எறிவதற்காகச் செதுக்கினார்கள் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடையே நாற்கரச் சாலை போட்டபோது மேட்டில் பாதியை லாரிகள் அள்ளிக்கொண்டு போயின. அப்போதுதான் அந்தக் கிணறு வெளியே வந்தது. வட்டமான செங்கல் கட்டு, வாய்வரை மண். அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. பூ விட்ட மல்லாட்டை, எங்கள் பக்கத்து நிலக்கடலை, வாடிக்கொண்டிருந்தது. அப்பா போட்ட போர்வெல்லில் தண்ணீருக்குப் பதில் வெறும் புழுதிப் புகைதான் வந்தது. அதனால் பழைய கிணற்றைக் கண்டதும், தனக்காகவே யாரோ வெட்டி வைத்துவிட்டுப் போனதுபோல் அவருக்குச் சந்தோஷம். தூர் எடுக்கக் கண்டாச்சிபுரத்திலிருந்து மாமாவை வரவழைத்தார்.

மாமா அம்மாவின் தம்பி, வாய் ஓயாதவர். கிணற்றுக்குள் இறங்கிய பிறகும் அவருடைய பாட்டு மேலே கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் வாளியில் மண்ணை நிரப்பிக் கொடுக்க, அப்பாவும் அம்மாவும் கயிற்றை இழுத்துக் கொட்டினார்கள். முதலில் உடைந்த ஓடுகள் வந்தன. பிறகு கரி. பிறகு ஓர் அம்மிக்குழவி.

“அக்கா, சீர்வரிசை வருது, புடிச்சிக்க!” என்று கத்தினார் மாமா. அம்மா சிரித்தாள்.

நல்ல வெயில்தான். ஆனால் கிணற்றோரம் நின்றால் கணுக்காலில் மட்டும் சில்லென்று காற்று பட்டது. ஆழம் கூடக் கூட மாமாவின் குரல் கீழேயிருந்து வராமல் எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் இருந்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் ஒரு வாளி மண்ணில் சங்கு வளையல் ஒன்று கிடைத்தது. எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். திருவிழாவில் வாங்கும் வளையலெல்லாம் எனக்குத் தொளதொளவென்று இருக்கும். இது அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. அம்மாவிடம் கையை நீட்டிக் காட்டினேன். அவள் வளையலைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். அடுத்த வாளியில் இன்னும் சில வளையல்கள் வந்தன. எல்லாம் சின்னவை. ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு இல்லை.

மாமாவின் பாட்டு எப்போதோ நின்றுபோயிருந்தது.

“ஈரம் தட்டுதா மச்சான்?” என்று அப்பா குனிந்து கேட்டார்.

“தட்டுது மாமா. அக்காவையும் பாப்பாவையும் அந்தாண்ட போவச் சொல்லுங்க” என்று மாமாவின் குரல் வந்தது.

அம்மா போகவில்லை. மேலே வந்த வாளியை மாமாவின் துண்டு மூடியிருந்தது, அதற்கடியில் சின்னதாக, உருண்டையாக ஏதோ புடைத்திருந்தது. அவள் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். உடனே மூடினாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் என் கண்ணைப் பொத்தினாள்.

“மூடிடுங்க” என்றாள் அப்பாவிடம்.

“இன்னா பேசற நீ? தண்ணி வர்ற நேரத்துல? இன்னும் ரெண்டு நாளு போனா மல்லாட்ட பூரா கருகிப்பூடும்.”

“கருவட்டும். இந்தத் தண்ணி நமக்கு வாணாம்.”

அதுவரை அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா துண்டைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் மண்வெட்டியை எடுத்தார்.

மாமா ஏறி வந்து கையைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அம்மா என் கையிலிருந்த வளையலைக் கழற்றி, மற்றவற்றோடு வாளியில் வைத்தாள். வாளியைத் தானே உள்ளே விட்டாள், கயிற்றை மெல்ல மெல்ல நழுவவிட்டு, அடியில் இடிக்காமல். பொழுது சாய்வதற்குள் கிணற்றில் மண் நிறைந்துவிட்டது.

மல்லாட்டை கருகித்தான் போயிற்று. அப்பா நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலைக்குப் போனார். அதற்காக அம்மாவை அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

கிணற்றை மூடிய அன்று மாமா சாப்பிடாமலே கிளம்பினார். பஸ் நிறுத்தம்வரை கூடப் போன நான், வளையல் போன துக்கத்தில் தேம்பிக்கொண்டே கேட்டேன்: “அந்தக் கோட்டையில இருந்தவங்கெல்லாம் எங்க போய்ட்டாங்க மாமா?”

மாமா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கியும் போவல பாப்பா” என்றார்.

என் அழுகை நின்றுவிட்டது. அப்படியென்றால் அவர்கள் இங்கேதான், எங்கள் ஊரில்தான் எங்கோ குடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில், என் உயரத்தில் இருந்த ஒவ்வொருத்தியின் கையாகப் பார்த்துக்கொண்டே போனேன்.