ரதிதேவி பூசாத சுவர்

நவம்பர் முழுக்க ஆக்லாந்து வானம் ரதிதேவியோடு வம்புக்கு நின்றது. காலையில் வெயில் காட்டும். வேனிலிருந்து ஏணியை இறக்கியதும் மழை கொட்டும். ஈஸ்ட் டாமாக்கி கிடங்கொன்றில் ஏழு வருடம் பெட்டி கட்டி, கூரைக்குக் கீழே இருந்தது போதும் என்று பெயின்ட் அடிக்கப் பழகியவள் அவள்.

வானத்தைவிட அவளுக்குப் பஞ்சாங்கத்தின் மீதுதான் ஆத்திரம். மார்கழியில் வீடு குடிபுகக் கூடாது. அதனால் ஊரிலுள்ள தமிழர் எல்லாருக்கும் கார்த்திகை மழைக்குள்தான் சுவர் மினுங்க வேண்டும். மார்கழி பிறந்து நல்ல வெயில் நிலைக்கும்போது அவளுடைய போன் தூங்கும்.

சான்ட்ரிங்ஹாமில் பழைய பலகை வீடொன்றை வாங்கியிருந்த மலேசியக்காரர் வீரையாவும் அதே அவசரத்தில்தான் நின்றார். மற்றச் சுவர்களை அவள் பூசி முடித்திருந்தாள்; முன்சுவர் ஒன்றுதான் மிச்சம். ரதிதேவி ஈரம் பார்க்கும் மீட்டரைப் பலகையில் குத்தினாள்.

"இருபத்திநாலு காட்டுது ஐயா. பதினாறுக்கு இறங்காமல் நான் பிரஷ் தொடமாட்டன்."

"தொட்டுப் பாருங்கமா, காஞ்சுதான் இருக்கு. மார்கழி பொறந்துட்டா பால் காய்ச்ச முடியாதுலா."

"பாலைக் காய்ச்சுங்கோ. சுவர் என்ன, அடுப்பிலயே ஏறப்போகுது?"

போன வருடம் ஒரு வீட்டில் மனமிரங்கி ஈரத்தின் மேல் பூசியிருந்தாள். சுவர் கொப்பளித்தது. கோயிலில் ஆறு மாதம் அதே கதை. இன்னொரு தடவை அந்தப் பேச்சு எழுந்தால் அவளை வேலைக்குக் கூப்பிட ஆளிராது. எனவே முடியாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார்த்திகையின் கடைசி வெள்ளி. காற்று ஓய்ந்து, ஒரே நாளில் கோடை வந்து உட்கார்ந்துவிட்டது. குடிபுகுதலுக்குச் சேலை உடுத்திப் போன ரதிதேவி வாசலிலேயே நின்றாள். முன்சுவருக்குப் புதுப் பெயின்ட். பத்து மணி வெயிலில் அது பொரித்த அப்பளம்போல் ஊதிக் கிடந்தது. பக்கத்தில், வேலை தொடங்கிய அன்று விளம்பரத்துக்கு அவள் நட்டுவைத்த பெயர்ப் பலகை.

"ரதியக்கா, இதுவும் உங்கட கைவேலையோ?" என்று வித்தியா சிரித்தாள். கோயில் கதைகளை வீடு வீடாகக் கொண்டுபோகிறவள் அவள்.

அந்த 'இதுவும்' சுட்டது. ரதிதேவி உள்ளே போய் வீரையாவைப் பால் பானையடியிலிருந்து வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

"ஆர் அடிச்சது எண்டு சொல்லுங்கோ."

"எல்லாரும் போகட்டும்மா, பேசிக்கலாம்."

"எல்லாரும் போனாப் பிறகு ஆருக்குச் சொல்லப் போறியள்?"

வீரையா வேட்டியைச் சரிசெய்தார். "ஞாயித்துக்கிழமை நானும் மாப்பிள்ளையும்தான் அடிச்சோம். இவங்க வேணாம்னுதான் சொன்னாங்க."

"பின்னுக்கு நிக்கிறவைக்குக் கேக்கேல்ல."

அவர் உரக்கச் சொன்னார். மாப்பிள்ளை கிளமென்ட் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எண்டாலும் அக்கா," என்றாள் வித்தியா, "நீங்கள் கொஞ்சம் கடுமையாச் சொல்லியிருந்தா அவர் தொட்டிருக்க மாட்டார். மேலால பாத்தா சுவர் காய்ஞ்சமாதிரித்தானே கிடக்குது."

ரதிதேவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். வேனிலிருந்து சுரண்டியை எடுத்துவந்து, விருந்தாளிகள் விலகி வழிவிட, சுவரை உரித்தாள். பெயின்ட் தோல்தோலாகக் கழன்று கோலத்தின் மேல் விழுந்தது. அடியில் பலகை கறுத்துக் கசிந்தது.

"இங்க வா பிள்ளை," என்று வித்தியாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "கையை வைச்சுப் பார். பாத்திட்டுப் போய்க் கோயில்ல சொல்லு."