தானே பிரேக் போட்ட வண்டி

முதல் தடவை அது நடந்தபோது நான்தான் ஏதோ தவறாக மிதித்துவிட்டேன் என்று நினைத்தேன். பாகூர் ஏரிக்கரையைத் தாண்டி கன்னியக்கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ரோட்டில் ஒரு ஆடு இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. திடீரென்று கண்ணெதிரே சிவப்பாக ஏதோ மின்னியது. கணகணவென்று ஒரு சத்தம். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, பெல்ட் இழுத்த வேகத்தில் மூச்சு முட்டி, இடது கையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அந்தக் கையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் பாண்டிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அதற்கு ஊசி போடுவதற்காக இடது முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே உர்ரென்று ரத்தம் ஓடுவது விரலுக்குத் தெரியும். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, வளையல் இறுகக் கூடாது, அடி மட்டும் படவே கூடாது. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அந்தக் கையைக் காதில் வைத்துக் கேட்பாள். சத்தம் கேட்டால்தான் காப்பி போடப் போவாள்.

வண்டி வாங்கியது அவளுக்கு நோய் வருவதற்கு நான்கு வருடம் முன்னால். நெல்லும் கரும்பும் போடுகிறவன் இந்த வெளிநாட்டு வண்டியை வாங்கலாமா என்று பங்காளிகள் மூக்கில் விரலை வைத்தார்கள். அவர்கள் மூக்கில் விரலை வைக்க வேண்டும் என்றுதான் வாங்கினேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஷோரூமில் சாவி கொடுத்த நாளில் மாலை போட்டு, கேக் வெட்டி, என்னைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடத்தினார்கள். அதோடு மரியாதை முடிந்தது.

ஓட்டுவதற்குத் தங்கமான வண்டி, அதில் குறை சொல்ல மாட்டேன். கரும்பு டிராக்டர் உழுது போட்ட ரோட்டில் டம்ளர் தண்ணீர் தளும்பாமல் போகும். ஆனால் சர்வீஸுக்கு விட்டால் போதும், எனக்கு ரத்தம் கொதிக்கும். அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் பானெட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடித்துவிட்டன. வாரன்டி செல்லாது என்றார்கள். "சார், வண்டிய எங்க சார் பார்க் பண்றீங்க?" என்று கேட்டார்கள். வூட்டில்தான் பார்க் பண்ணுகிறேன், வூட்டைச் சுற்றி வயல், வயலில் எலி, இதிலென்ன ஆராய்ச்சி? இன்னொரு தடவை கதவுக் கைப்பிடி ஒன்றுக்கு ஒன்றரை மாதம் காக்க வைத்தார்கள். ஏசி ஹாலில் காப்பி கொடுப்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள், வண்டியை மட்டும் கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் போன் வரும்: பத்துக்கு எத்தனை மார்க் சார் தருவீங்க?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பிரேக் விஷயத்தைப் பொறுக்க முடியவில்லை.

இரண்டாவது தடவை தவளக்குப்பம் தாண்டி, மூன்றாவது தடவை எங்கள் ஊர் முனையிலேயே. ஆளில்லாத ரோட்டில் யாரோ குறுக்கே விழுந்த மாதிரி தானாக நின்றது. ஷோரூமில் என் வண்டியைப் பார்த்துக்கொண்ட சர்வீஸ் அட்வைசர் வில்லியனூர் பக்கத்து ஆள். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். குரலே உயராது. வண்டியை ஐந்து நாள் வைத்துக்கொண்டு கடலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு தடவகூட பிரேக் போடல சார். ஆனா நீங்க சொன்ன அன்னிக்கு போட்டது மெமரில இருக்கு. முன்னால ஒரு பொருள் இருந்துச்சுன்னு காட்டுது."

"இன்னா பொருளு? நடு ரோட்ல பேயா உக்காந்துனு இருந்துச்சு?"

"அது தெரியல சார். குறுக்க ஏதாச்சும் வந்தா வண்டி தானே பிரேக் போடற வசதி அது. வேணும்னா அத ஆஃப் பண்ணி வச்சிக்கலாம். ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்ணும்போதும் நீங்க ஆஃப் பண்ணணும், இல்லனா அதுவே ஆன் ஆயிடும்."

"காசு குடுத்து வாங்குனத நான் இன்னாத்துக்கு ஆஃப் பண்ணணும்? நீ ரிப்பேர் பண்ணுய்யா!"

கேமராவை மாற்றினார்கள். கம்ப்யூட்டரில் ஏதோ ஏற்றினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடும், அப்புறம் பழையபடி ஆரம்பித்துவிடும். எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். மூன்று நாள் தாங்குகிற மாதிரி எதையோ செய்து அனுப்பி, என்னை மறுபடி மறுபடி வரவைத்துக் கறக்கிறான்கள் என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவைத்தேன். வேலைத்தாளில் 'குறை எதுவும் இல்லை' என்று அச்சடித்துத் தருவார்கள். அப்படி ஐந்து தாள்கள் என்னிடம் இருந்தன.

மனைவி பின் சீட்டுக்கு மாறிவிட்டாள். மடியில் ஒரு தலையணை, அதன் மேல் கை. ஏரிக்கரை வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். நானும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியைப் பார்த்தபடிதான் ஓட்டுவேன். வண்டிக்குள் பாட்டு போடுவதை நிறுத்திவிட்டோம்.

"ஏங்க, ஆட்டோவுல போயிடலாங்க" என்றாள் ஒருநாள்.

"இவ்ளோ பெரிய வண்டிய வூட்ல நிறுத்திட்டு ஆட்டோவுல போவியா? ஊர்ல சிரிக்க மாட்டான்?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பெல்ட் கையில் உரசுகிறது என்று அவள் கழற்றி வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அரியாங்குப்பம் தாண்டியதும் வண்டி நின்றது. அவள் முன் சீட்டின் முதுகில் போய் மோதினாள். கையை ஊன்றித்தான் விழுந்தாள், அந்தக் கையை. ஐந்து நிமிடத்தில் முன்கை பன்னீர் சொம்பு மாதிரி உப்பிவிட்டது. வண்டியை ஆஸ்பத்திரிக்கே திருப்பினேன். வழியெல்லாம் அவள் கையைக் காதில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கேக்குதா?" என்றேன்.

"பேசாம ஓட்டுங்க. நீங்க பேசுனா கேக்கல."

கேட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவ தப்பிச்சிது. இன்னொரு அடி பட்டா இந்தக் கை அடைச்சிடும். வலது கைல நரம்பு சரியா இல்ல. கழுத்துல டியூப் போட்டுதான் பண்ணணும், அது ரொம்ப நாள் தாங்காது." முதலில் பயம் வந்தது. பயம் தணிந்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசையில்தான் வரும்.

மறுநாள் ஷோரூமுக்குப் போனேன். புது வண்டி பார்க்க வந்த குடும்பங்கள் உட்கார்ந்திருந்த ஹாலில், அந்த அட்வைசரின் மேஜை மேல் சாவியை வீசினேன். அது எகிறிப் போய் அவர் சட்டையில் பட்டது. "என் பொண்டாட்டி செத்தா நீ வந்து கொள்ளி வைப்பியாடா?" என்று கத்தினேன். அவர் எழுந்து நின்றார். சாவியை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தார். அதுவும் எனக்குத் திமிராகத் தெரிந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் தெரிந்த என் மச்சானை உட்கார வைத்து, தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினேன். அட்வைசரின் பெயரை மூன்று இடத்தில் போடச் சொன்னேன். அவருக்கு மெமோ கொடுத்திருப்பதாகப் பதில் வந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார்.

"சார், எங்க இடத்துல வண்டி ஒழுங்கா ஓடுது, உங்க இடத்துல நிக்குது. வர்ற சனிக்கிழம எனக்கு லீவு. நீங்க அம்மாவ எப்பிடி கூட்டினு போவீங்களோ அப்பிடியே கூட்டினு போங்க. நானும் கூட உக்காந்து வரேன்."

லீவு நாளில் எதற்கு வருகிறான், மெமோவை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சவா என்று யோசித்தேன். ஆனாலும் வரச் சொன்னேன். காலை ஆறரை மணிக்கே பைக்கில் வந்துவிட்டார். வண்டி ஷெட்டில் சுவரைப் பார்த்து நின்றது. நான் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியதும் பக்கவாட்டில் வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மனைவி பின்னால் தலையணையோடு உட்கார்ந்தாள். "பெல்ட் போட்டீங்களாம்மா?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டார். நான் ஒருநாளும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஏரிக்கரை போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. நிற்க வேண்டுமே என்று ஒரு பக்கம், நிற்கக் கூடாதே என்று இன்னொரு பக்கம் நினைத்தபடி ஓட்டினேன். கன்னியக்கோயில் வளைவுக்கு முன்னால் ரோடு கொஞ்சம் குண்டும் குழியுமாக இருக்கும். அதில் இறங்கி ஏறினோம். சிவப்பு மின்னியது. வண்டி நின்றது.

பின்னால் வந்த டவுன் பஸ் பிரேக் போட்ட கிறீச்சைக் கேட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் மேல் மோதாமல் ஒரு முழம் இடைவெளியில் நின்றிருந்தது. "யோவ், காலையிலயே ஊத்திக்கினியா?" என்று கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். மனைவி கையைக் காதில் வைத்திருந்தாள். கேட்கிறது என்று தலையசைத்தாள்.

வண்டியை ஓரங்கட்டினேன். அட்வைசர் இறங்கி முன்பக்கம் போய்க் குந்தினார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. நானும் இறங்கிப் போனேன். பம்பருக்கு நடுவில், வலைக் கம்பியிலிருந்து, கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் அவற்றுக்குக் கீழே ஒரு இரும்பு மாட்டு லாடமும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தன. லாடத்துக்குப் பின்னால் உள்ளங்கை அளவு கறுப்புச் சதுரம் ஒன்று இருந்தது. அட்வைசர் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் சார் ரேடார். முன்னால இன்னா வருதுன்னு இதுதான் பாக்குது. குழில வண்டி குதிச்சா இந்த இரும்பு இது முன்னால ஆடுது. எதிர்ல ஏதோ வந்துடுச்சின்னு பயந்து பிரேக் போடுது."

டயாலிசிஸ் ஆரம்பித்த வாரத்தில் அதைக் கட்டியவன் நான். எங்கள் பக்கத்தில் டிராக்டர், லாரி எல்லாவற்றிலும் லாடம் தொங்கும். அதுவரைக்கும் நான் அதையெல்லாம் கிண்டல் செய்கிறவன். அவளை அந்த மெஷினில் படுக்கவைத்த முதல் நாள் எனக்கு வந்த பயத்தில், மாட்டுக் கொட்டகையில் கிடந்த லாடத்தை எடுத்து, அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கட்டினேன். ஷோரூமில் கழுவுவதற்கு முன்னால் கட்டியதையெல்லாம் அறுத்து, ஒரு கவரில் போட்டு டிக்கியில் வைத்துவிடுவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் பழத்தோடு நான் மறுபடி கட்டுவேன். ஐந்து தடவை அறுத்தார்கள், ஐந்து தடவையும் கட்டினேன்.

அட்வைசர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இத யாரு சார் கட்டுனது?"

பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறுபடி மூடிக்கொண்டேன்.

"நான்தாம்பா கட்டுனேன்" என்றாள் மனைவி. எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை, எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். "ஆம்பளைக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? வண்டிக்கு திருஷ்டி படக் கூடாதுன்னு நான்தான் கட்டுனேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் அவளைப் பார்க்க முடியாமல் லாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரவால்லமா. தெரியாம பண்ணதுதான. அவுத்துடட்டுமா?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, கயிற்றைப் பொறுமையாக முடிச்சு அவிழ்த்து, லாடத்தை அவள் வலது கையில் கொடுத்தார். அவள் அதை மருத்துவச் சீட்டு வைக்கும் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வாசலில் அவளை இறக்கிவிட்டோம். அவள் கையைத் தாங்கியபடி மெதுவாக உள்ளே நடந்தாள். அவள் கதவைத் தாண்டும்வரை அட்வைசர் காத்திருந்தார். பிறகு என் பக்கத்து ஜன்னலில் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"சார், எனக்காக ஒண்ணு. வூட்டுக்குப் போயி அம்மாவ திட்டாதீங்க சார்."

"இல்லப்பா, திட்ட மாட்டேன்" என்றேன்.