உயிரோடு இருந்தவளின் இறப்புப் பதிவு

எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனி முதலாளி பொய் சொன்னார். செத்தது யார் என்று தெரிந்தே வேறொருத்தியின் பெயரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பொய் என் கையில் சிக்கியது. சிக்கியதும் முதலில் நான் செய்த காரியமும் யோக்கியமானதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2007-ஆம் வருஷம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டர் சீசன் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருக்காது. அப்போது ஒரு கல்லூரி ஆசிரியர் ஆள் சேர்த்தார். எங்கள் கிராம அலுவலகத்தில் கிடந்த பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் பார்த்துத் தெளிவாக நகல் எழுத வேண்டும். தங்கள் குடும்பத்துப் பெரியவர்களைத் தேடி வருகிறவர்களுக்கு அது உதவும். சம்பளம் கிடையாது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"இருக்கிறத அப்படியே எழுதுங்க. தப்புன்னு தெரிஞ்சாலும் திருத்தாதீக."

எனக்கு அது பிடிக்கவில்லை. பதினைந்து வருஷமாகத் தப்பைத் திருத்தித்தான் சோறு தின்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு ஒரு வரி கண்ணில் பட்டது. பெயர், புருஷன் பெயர், தெரு எல்லாமே எங்கள் தெருவில் நான் அத்தை என்று கூப்பிடுகிறவருடையது. வயது இருபத்தெட்டு, தீக்காயத்தால் மரணம். அந்த அத்தை அன்று காலையில்தான் குழாயடியில் என்னோடு சண்டை போட்டிருந்தார். எழுதியவனுக்குக் கிறுக்கு என்று நினைத்து, அந்த வரியையே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அத்தை பட்டாசுப் பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்கவில்லை.

"அத்தை, நீங்க செத்துப் பல வருஷம் ஆச்சாம். எனக்குப் பதினாறாம் நாள் சாப்பாடு எங்க?"

அத்தை சிரிக்கவில்லை. "வேற சோலி இல்லையாத்தா ஒனக்கு?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு, அத்தை வளர்த்த பெண் அலுவலகத்துக்கு வந்தாள். அத்தையின் தங்கை மகள். அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அம்மா பட்டாசு வெடித்துச் செத்துப்போனாள். ஒரு போட்டோகூட இல்லை. செத்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குப் பொதுவாகப் படையல் போட்டுவந்தாள்.

"எங்கம்மா பேரு இருக்கான்னு பாருங்கக்கா. தேதி மட்டும் கெடச்சாப் போதும்."

என் நகலைப் புரட்டினேன். இல்லை. "வேற ஊர்ல செத்திருப்பாக" என்று வெடுக்கென்று சொன்னேன்.

"இந்த ஊர்லதான்க்கா. பெரியம்மாதான் ஒடம்பப் பாத்துச்சு. தேதி கேட்டா மட்டும் அளுதுரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலைக்கு ஆளுக்கு ஒரு டோக்கன் உண்டு. காய்ச்சல் என்று நாலு நாள் போகாவிட்டால் சீசனில் இடம் போய்விடும். அதனால் அக்கா டோக்கனை எடுத்துக்கொண்டு தங்கச்சி போவாள். ஃபோர்மேனுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். வேலை செய்கிறவள் யாராக இருந்தாலும் நோட்டில் டோக்கன்காரி பெயர்தான் ஏறும். என் மதினி டோக்கனில் நானே போயிருக்கிறேன். அப்படியிருந்தும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

பதிவேட்டில் நான் விட்ட வரியைத் தேடித் தேதியைப் பார்த்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அன்னைக்கு உங்க டோக்கன்ல தங்கச்சி போச்சா அத்தை?"

அத்தை என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எனக்குக் காய்ச்சலு. ஒரு நாளுதானேன்னு அவள அனுப்புனேன். மறுநா மொதலாளி வந்து, நோட்டுல இருக்கிற ஒன் பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேன், ஆள் மாத்தி அனுப்புனவ நீ, வாயத் தொறந்தா ஒன் மேலதான் கேஸுன்னாரு. நானும் உள்ள போயிட்டா ஒன்னைய யாரு பாப்பா?"

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "தேதி என்னக்கா?" என்றாள். சொன்னேன். அந்த வருஷத்திலிருந்து அவள் அம்மாவுக்கு அந்த நாளில்தான் படையல்.

அவளுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. விட்ட வரியை உள்ளபடியே நகலில் சேர்த்து, நடந்ததைக் கீழே குறிப்பாக எழுதினேன். பதிவேட்டிலும் பெயரை மாற்றச் சொல்லி மூவரும் அதிகாரியிடம் போனோம். "செத்துட்டதா எழுதியிருக்கிறது என்னையத்தேன்" என்றார் அத்தை. "அப்ப உயிரோட இருக்கீகன்னு ஒரு சர்ட்டிபிகேட் கொண்டாங்க" என்றார் அவர். அதையும் வாங்கினோம். அடுத்து, அன்று வேலைக்கு வந்தது யார் என்று கம்பெனி கடிதம் வேண்டும் என்றார். பழைய ஃபோர்மேன் எங்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்றுவிட்டார். இப்போது கம்பெனியை நடத்துகிற முதலாளி மகன், "அந்தக் காலத்து நோட்டெல்லாம் கரையான் தின்னுருச்சு" என்றார். ஒன்பது தடவை போயிருக்கிறேன். பத்தாவது தடவையும் போவேன்.

தப்பு என்று நான் ஒதுக்கிய ஒரு வரியில்தான் ஒருத்தியின் சாவு இருந்தது. அதற்குப் பிறகு எந்தக் காகிதத்திலும் தெரியாமல் கை வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. முதலாளி மகனும் இந்தப் பத்திரிகையைப் படிப்பார் என்று தெரியும். ஐயா, உங்கள் அப்பாவின் ஷெட்டில் அன்று எரிந்து செத்தது யார்? எனக்குக் கடிதம் போட வேண்டாம். இதே பத்திரிகையில், ஊர் படிக்கும்படி, அவள் பெயரைச் சொல்லிப் பதில் எழுதுங்கள்.