சேர்மனிடம் கேட்ட மாப்பு

நுரைச்சோலைப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருக்கும் அஸ்ஜத் நானாவுக்கு ஊரில் ஒரேயொரு பகையாளிதான். அதுவும் ஒரு குரங்கு. கூட்டத்துக்கு முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற தோரணைக்காக எல்லோரும் அதைச் சேர்மன் என்றார்கள். சேர்மன் குரும்பையைப் பிடுங்கி ஒரு கடி கடித்துவிட்டு எறியும். நானா கல்லடிக்கிற கெட்டப்போலைத் தூக்கிக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டுவார். வருடக்கணக்காக இருவருக்கும் இதுதான் பிழைப்பு.

குரங்குகளின் இரத்தத்தைச் சோதிக்க மிருக வைத்தியர் டொறத்தி வந்தபோது, பொறிக்கூடு வைக்க இடம் கொடுத்ததும் நானாதான். பொறிக்கு வாழைப்பழமும் அவருடையதே. பகையாளி கம்பிக்குள் போவதைப் பார்க்க அவ்வளவு ஆசை.

முதல் சோதனையின் முடிவு வந்தது. சேர்மனுக்கு இரத்தப் புற்றுநோய். ஏற்கெனவே மெலிந்து, கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கியிருந்தது. இன்னொருமுறை இரத்தம் எடுக்க அதைப் பிடித்துக் கூட்டில் வைத்திருந்தார்கள்.

நானாவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த கிழமை மக்காவுக்கு உம்றாப் பயணம். போகுமுன் தெரிந்தவர் எல்லோரிடமும் செய்த பிழைகளை மன்னிக்கச் சொல்லி மாப்புக் கேட்கும் வழக்கப்படி வீடு வீடாக ஏறி இறங்கி முடித்துவிட்டார். கோழிக்காகச் சண்டை பிடித்த சம்பந்தியிடம்கூடக் கேட்டாயிற்று. ஆனால், போன மழைக்காலம் அவர் அடித்த கல் சேர்மனின் கழுத்தில்தான் பட்டது. கட்டியும் அங்கேதான்.

"அதுக்கிட்டயும் கேளுங்களன்" என்றாள் மனைவி ஸம்ஹா. சிரிப்பை அடக்கத் தெரியாதவள்.

நானா வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கூட்டடிக்குப் போனார். டொறத்தி விளக்கினார்: "கல்லால வந்ததில்ல நானா. ஒரு வைரஸ். தாய்ப்பால்ல, கடிபாட்டுல ஒண்டுல இருந்து மற்றதுக்குத் தொத்தும். இரத்தத்தில நோயோட சண்டை பிடிக்கிற டி செல் எண்டு ஒண்டு இருக்கு. அதுக்குள்ள பூந்து வருசக்கணக்கா சும்மா கிடக்கும். அநேகமான குரங்குகளுக்கு ஒண்டும் வராது. சிலதுக்கு மட்டும் அந்த செல் கண்டபாட்டுக்குப் பெருகி இப்பிடி ஆகும்."

"அப்ப கல்லு நோகல்லயா டொக்டர்?"

"நொந்திருக்கும்."

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கூட்டுக்கு முன்னால் குந்தினார். "சேர்மன், நான் பயணம் போறன். தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுக்கு மாப்புத் தாங்க" என்றார். சேர்மன் அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டது.

நானாவின் முகம் சுருங்கிவிட்டது. "மூஞ்ச திருப்பிட்டாரு."

"இல்ல, பேன் பாக்கச் சொல்லுது. நம்புற ஆளுக்குத்தான் முதுகு காட்டும்" என்றார் டொறத்தி. "ஆனா கை வைக்காதீங்க, கடிச்சா வில்லங்கம்."

நானா கீழே கிடந்த நீளமான ஈர்க்கு ஒன்றை எடுத்துக் கம்பிக்கு வெளியே இருந்தபடி அந்த முதுகைச் சொறியத் தொடங்கினார். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை சொறிந்தார். கையை நிறுத்தினால் சேர்மன் உறுமியது. அந்த மெலிந்த முதுகெலும்பைப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

"சுகம் வருமா?" என்று எழும்பும்போது கேட்டார். டொறத்தி இல்லையென்று தலையாட்டினார். பின்னேரம் இரத்தம் எடுத்துக்கொண்டு கூட்டைத் திறந்துவிட்டார்கள்.

மக்காவிலிருந்து வீடியோ கோல் எடுத்தபோது நானா பேரப்பிள்ளைகளைக்கூட விசாரிக்கவில்லை. "அவரு உசிரோட ஈக்கிறாரா?" என்றுதான் கேட்டார். ஸம்ஹா போனைத் தென்னையின் பக்கம் திருப்பினாள். மர உச்சி வட்டில் சாய்ந்திருந்த சேர்மன் ஒரு குரும்பையைக் கடித்து, பிடிக்காமல், ஸம்ஹாவின் காலடியில் எறிந்தது.

"அடே கள்ளப் பயலே, எறங்கடா கீழ!"

ஹறம் பள்ளியின் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணில் நீர் வழிய, வாயெல்லாம் பல்லாக நின்றார் நானா. பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது, குரலைத் தாழ்த்தினார்.

"ஸம்ஹா, போன அவருக்கிட்டக் காட்டு. இன்னொருக்கா மாப்புக் கேக்கணும்."